வயித்தால போகுதா? ஓஆர்எஸ்ஸை கண்ணளவுல கலக்காதீங்க

குழந்தைக்கு வயித்தால போக ஆரம்பிச்சா வீட்டுல மொதல்ல கேக்குற டயலாக் "பல்லு முளைக்குது அதான் போகுது, தண்ணிய கொஞ்சம் குறை". ரெண்டுமே தப்பு. பேதில உயிருக்கு ஆபத்தே தண்ணியும் உப்பும் மளமளன்னு வெளிய போயிடறதுதான், அதனால போறத போற வேகத்துக்கு திரும்ப உள்ள ஊத்தணும், ஓஆர்எஸ்ங்கற உப்பு சர்க்கரை கரைசலோட வேலையே அதுதான். மோஷனை நிறுத்துற மருந்து இல்ல இது. குடிச்சப்புறமும் போகத்தான் செய்யும், அத பாத்து "கேக்கல"ன்னு பாதில விட்டுடாதீங்க.

பெரிய பாக்கெட்டு 1 லிட்டர் தண்ணிக்கு, சின்னது 200 மில்லிக்கு, பாக்கெட்லயே போட்டிருக்கும் பாத்துக்கோங்க. பிரிச்சா முழுசா கொட்டிடணும். நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா பெரிய பாக்கெட்ல ரெண்டு ஸ்பூன் எடுத்து டம்ளர்ல கலக்கிட்டு மீதிய ரப்பர் பேண்டு போட்டு பிரிட்ஜ் மேல வெச்சுடறாங்க. தண்ணி கம்மியாகி உப்பு ஏறிப்போச்சுன்னா ரத்தத்துல சோடியம் ஏறி சின்ன குழந்தைக்கு ஃபிட்ஸ் கூட வரலாம், சர்க்கரை கூடிப்போனா அதுவே குடலுக்குள்ள தண்ணிய இழுத்து பேதிய அதிகமாக்கும். குடல்ல குளுக்கோஸும் சோடியமும் ஜோடியா உள்ள போகும்போதுதான் தண்ணியும் கூடவே போகுது, அதுக்குத்தான் இந்த அளவெல்லாம். வெறும் குளுக்கோஸ் பவுடர் கரைச்சு குடுக்கறதுல அந்த உப்பு இல்லவே இல்ல.

கொதிக்க வெச்சு ஆறின தண்ணிய 1 லிட்டர் பாட்டில்ல அளந்து எடுத்து, கழுவின பாத்திரத்துல ஊத்தி, பாக்கெட்ட கொட்டி கரையற வரைக்கும் கலக்குங்க. கலக்கினப்புறம் சூடு பண்ணாதீங்க, பால் ஜூஸ் எதுவும் சேக்காதீங்க. 24 மணி நேரம் ஆச்சுன்னா மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கீழ ஊத்திட்டு புதுசா கலக்குங்க.

நடுராத்திரி, பாக்கெட்டு இல்லன்னா 1 லிட்டருக்கு சர்க்கரை 6 டீஸ்பூன், தூள் உப்பு அரை டீஸ்பூன், ரெண்டையும் தலைதட்டி அளக்கணும், குவிச்சு போடக்கூடாது. கல்லுப்பு வேணாம், ஸ்பூன்ல அளவு சரியா நிக்காது. விடிஞ்சதும் பாக்கெட்டு வாங்கிடுங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே குடுப்பாங்க.

மெடிக்கல்ல வாங்கும்போது டெட்ரா பாக்கெட்ல வர்ற ஆரஞ்சு ஆப்பிள் ஃப்ளேவர் டிரிங்க்க நீட்டுனா வாங்காதீங்க. சர்க்கரை தண்ணிக்கு ஓஆர்எஸ்னு பேர் வெச்சு பல வருஷம் வித்தாங்க, 2025 அக்டோபர்லதான் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அந்த பேரையே போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. ரொம்ப லேட்டு, என்னத்த சொல்ல.

எவ்வளவு குடுக்கணும்? ஒவ்வொரு தடவ போனதுக்கப்புறமும் 2 வயசுக்கு கீழ 50லேந்து 100 மில்லி, 2லேந்து 10 வயசு வரைக்கும் 100லேந்து 200, பெரியவங்க முடிஞ்ச அளவு. மடமடன்னு குடிக்க விட்டா வாந்திதான் வரும், சின்னதுங்களுக்கு ஸ்பூன்லயோ பாலாடைலயோ கொஞ்சம் கொஞ்சமா. வாந்தி எடுத்துட்டா 10 நிமிஷம் விட்டுட்டு ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு மறுபடி ஆரம்பிங்க. தாய்ப்பால் நிறுத்தவே கூடாது, சாப்பிடற குழந்தைக்கு இட்லி, குழைஞ்ச தயிர் சாதம் எல்லாம் குடுக்கலாம். கூடவே டாக்டர கேட்டு ஜிங்க் மாத்திரை, 6 மாசத்துக்கு மேலன்னா தினமும் 20 மில்லிகிராம், பேதி நின்னாலும் 14 நாள் முடிக்கணும். பேதிய நிறுத்துற மாத்திரைய குழந்தைக்கு நீங்களா குடுக்காதீங்க.

இதெல்லாம் பாட்டி வைத்தியம்னு நினைக்கிறவங்களுக்கு: 1971ல பங்களாதேஷ் அகதிங்க முகாம்ல காலரா பரவி டிரிப்ஸ் பாட்டில் தீந்துபோனப்ப, மேற்கு வங்கம் போங்காவ்ல டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைச்ச தண்ணிய டிரம்ல வெச்சு குடிக்கத்தான் குடுத்தாரு. 30 சதவீதம் வரைக்கும் இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு.

ஆனா எல்லாத்துக்கும் வீட்டுலயே உக்காந்திருக்கக் கூடாது. குழந்தையோட வயித்துத் தோல ரெண்டு விரலால கிள்ளி விடுங்க, டக்குனு படியாம மெதுவா போகுதுன்னா உடம்புல தண்ணி ரொம்ப வத்திருச்சு. கண்ணு உள்ள போயிருக்கு, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகல, மலத்துல ரத்தம், துவண்டு போய் குடிக்கவே மாட்டேங்குது, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி, வண்டி இல்லன்னா 108. முழிச்சு இருந்து முழுங்க முடியுதுன்னா போற வழிலயும் ஸ்பூனால குடுத்துக்கிட்டே போங்க.