மண்கலயத்தை முன்வைத்து ஆறு வகுப்புகள்: பார்த்து வரையக் கற்றுக்கொடுக்கும் முறை

பள்ளியில் ஓவிய ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும், முறையான பயிற்சி இல்லாமலேயே ஓவிய வகுப்பையும் சேர்த்துக் கவனிக்கும் பொறுப்பு வந்துவிட்ட பிற பாட ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வண்ணம் எதுவும் இல்லாமல், பென்சிலை மட்டும் கொண்டு, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு ஆறு பாடவேளைகளில் இதை நடத்தலாம். ஒரு பாடவேளைக்கு 40 நிமிடம் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் எந்த மாணவரிடமும் இயற்கைக் காட்சி ஒன்றை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே சூரியன், வளைந்து வரும் ஆறு, கரையில் குடிசை, சாய்ந்த தென்னை என்று ஒரே படம்தான் வரும். வீட்டைச் சுற்றி வயலைத் தவிர வேறெதையும் பார்த்திராத தஞ்சாவூர்ப் பிள்ளையும் அதே மலையைத்தான் வரைகிறது. பிள்ளைகளிடம் கற்பனை குறைவு என்பது இதற்குக் காரணமன்று. கரும்பலகையில் ஆசிரியர் வரைந்ததைப் பார்த்து எழுதும் பழக்கத்தையே ஓவியம் என்று அவர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறோம். ஆகவே இந்த ஆறு வகுப்புகளிலும் மாணவர்கள் நகலெடுப்பதற்காகக் கரும்பலகையில் எந்தப் படத்தையும் வரையாதீர்கள். செய்முறையை விளக்க வரைந்தால், விளக்கி முடித்தவுடன் அழித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

ஒவ்வொரு மாணவருக்கும் 2பி, 4பி பென்சில்கள் (எண் கூடக் கூடக் கோடு மென்மையாகவும் கருமையாகவும் விழும்) ஒவ்வொன்றும், தேர்வு அட்டை ஒன்றும், வகுப்புக்கு இரண்டு வெள்ளைத் தாள்களும் போதும். கார்ட்ரிட்ஜ் தாள் எனப்படும் தடித்த ஓவியத் தாள் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நகலெடுக்கப் பயன்படும் ஏ4 தாளே போதுமானது. ஸ்கேலை இந்த வகுப்புகள் முடியும்வரை பைக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு வகுப்புகளில் ரப்பரும் வேண்டாம். தவறான கோடு தாளிலேயே இருந்தால்தான் அதற்குப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட முடியும்.

வரையும் பொருளாகச் சிறிய மண்கலயங்கள் மூன்று அல்லது நான்கு வாங்கி வையுங்கள். பித்தளைச் சொம்பும் எவர்சில்வர் டம்ளரும் கைக்கு எளிதாகக் கிடைக்கும் என்றாலும், அவற்றின் பளபளப்பில் ஜன்னலும் விளக்கும் எதிரே இருப்பவரின் சட்டையும் சேர்ந்து தெரிவதால், எது பொருளின் நிழல், எது பிரதிபலிப்பு என்று தொடக்கநிலை மாணவர் குழம்பிப்போவார். சுட்ட மண்ணின் மேற்பரப்பில் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்து இருளாவது தெளிவாகத் தெரியும். 40 பேருக்கு முன்னால் மேசைமேல் ஒரே கலயத்தை வைத்தால் கடைசி வரிசைக்கு அது தெரியாது. பத்துப் பேருக்கு ஒரு கலயம் என்று வைத்து, அதைச் சுற்றி உட்காரச் செய்யுங்கள்.

படி 1: கோடும் கையும்

முதல் பத்து நிமிடங்களுக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். ஐந்து புள்ளிச் சிக்குக்கோலம் போதும். வீட்டு வாசலில் தயக்கமில்லாமல் வளைந்து செல்லும் கை, தாளில் பென்சிலைப் பிடித்ததும் நூலிழைபோல் சிறுசிறு கோடுகளாக ஒட்டுப்போடத் தொடங்கிவிடுகிறது. மணிக்கட்டை மட்டுமே அசைப்பதை விட்டு, முழங்கையும் தோளும் சேர்ந்து அசையும்படி பெரிதாக வரையச் சொன்னால் அந்தத் தயக்கம் குறையும். கோலம் தெரியாத பையன்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மாணவி கற்றுக்கொடுக்கட்டும்.

மீதி நேரத்தில், எழுதாத கையை அட்டைக்கு அருகில் வைத்து, அதன் ஓரக்கோட்டை வரைய வேண்டும். வரையும்போது தாளைப் பார்க்கக் கூடாது என்பதே இதன் ஒரே விதி. கண் விரலின் ஓரத்தில் ஓர் எறும்பின் வேகத்தில் நகர வேண்டும். பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும். விரல் மூட்டின் மேல் தோல் சுருங்கியிருக்கும் இடத்தில் எத்தனை மடிப்புகள், அவற்றுள் எது நீளம், நகம் எங்கே சதைக்குள் புகுகிறது என்று நீங்கள் மெதுவாகக் கேட்டுக்கொண்டே நடந்து வாருங்கள். முடிவில் வரும் படம் கையைப் போலவே இருக்காது, வகுப்பு சிரிக்கும், சிரிக்கட்டும். மடிப்புகளைக் கவனித்து வரைந்திருக்கும் ஒரு பகுதியை ஒவ்வொரு தாளிலும் கண்டுபிடித்துக் காட்டுவது உங்கள் வேலை.

படி 2: கலயத்தின் வாய்

இந்த வகுப்பை அவசரப்படாமல் நடத்துங்கள். கலயத்தை வரையச் சொன்னதும் பெரும்பாலான மாணவர்கள் வாயை இரு முனையிலும் கூர்மையான இலை வடிவத்திலும், அடிப்பாகத்தை நேர்க்கோடாகவும் வரைவார்கள். அடிப்பாகம் தட்டையாகத் தரையில் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வரைகிறார்களேயன்றிக் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை.

இதற்கு ஒரு வளையல் போதும். வளையலைப் படுக்கையாகப் பிடித்து, கண்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்கினால் ஒடுங்கிய நீள்வட்டமாகும்; இன்னும் இறக்கினால் நீள்வட்டம் அகன்றுகொண்டே போகும்; காலருகே வைத்து நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் முழு வட்டம். ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே இதைச் செய்து பார்க்க வேண்டும். பிறகு கலயத்தைக் காட்டி, வாய், அடி இரண்டில் எது கண்மட்டத்திலிருந்து அதிகக் கீழே இருக்கிறது என்று கேளுங்கள். அடிதான் என்று சொல்வார்கள். அப்படியானால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

இப்போது செங்குத்தாக ஒரு நடுக்கோட்டை மெல்லியதாகப் போட்டு, அதன் மேல் வாய், கழுத்து, வயிறு, அடி ஆகிய நான்கு இடங்களிலும் நீள்வட்டங்களை முழுமையாக வரையச் செய்யுங்கள். மறைந்திருக்கும் பின்பக்கத்தையும் சேர்த்தே வரைய வேண்டும். நீள்வட்டத்தின் இரு முனைகளிலும் மூலை இருக்கக் கூடாது. முடித்தபின் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் புடைத்திருக்கிறது என்பது உடனே தெரியும்.

படி 3: பென்சிலால் அளத்தல்

கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சிலின் நுனியைக் கலயத்தின் வாய் விளிம்போடு பொருத்தி, கட்டைவிரலை அடிப்பாகம் வரை நகர்த்தினால் உயரம் கிடைக்கிறது. அதே அளவைப் படுக்கையாகத் திருப்பி வயிற்றின் அகலத்தோடு ஒப்பிட வேண்டும். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும் என்பதை அடிக்கடி நினைவூட்டுங்கள். பென்சிலில் கிடைத்த நீளத்தையே தாளிலும் வைக்க வேண்டும் என்று பலர் நினைத்துவிடுவார்கள். நாம் அறிய விரும்புவது அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டுமே. தாளில் படம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம்.

படி 4: இடைவெளியின் வடிவம்

கலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியைச் சாய்த்து வையுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். வெற்றிடத்துக்குப் பெயர் இல்லாததால், மாணவர்கள் மனப்பாடமான வடிவத்தைத் தேடாமல் கண்ணையே நம்புவார்கள். வகுப்பறை நாற்காலியின் கால்களுக்கிடையே தெரியும் இடைவெளிகளும் இதற்கு மிகப் பொருத்தமானவை.

படி 5: வெளிச்சமும் நிழலும்

ஒரு பக்க ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, மற்றவற்றை மூடி, விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். முதலில் தாளின் ஓரத்தில் ஐந்து கட்டங்கள் போட்டு, முதல் கட்டத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டு, கடைசிக் கட்டத்தை 4பி பென்சிலால் இயன்றவரை கருமையாக்கி, நடுவிலுள்ள மூன்றையும் படிப்படியாக நிரப்பச் சொல்லுங்கள். விரலால் தேய்த்து மழுப்புவதை அனுமதிக்காதீர்கள். அது எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும்.

பிறகு கண்ணைப் பாதி மூடிக் கலயத்தைப் பார்க்கச் செய்யுங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சப் பகுதி, நிழல் பகுதி என்ற இரண்டு பெரும் வடிவங்கள் மட்டும் தெரியும். அவற்றின் எல்லையை முதலில் குறித்துக்கொண்டு, நிழல் பகுதி முழுவதையும் ஒரே அடர்த்தியில் நிரப்பியபிறகே மற்ற வேறுபாடுகளுக்குப் போக வேண்டும்.

நிழல் பக்கத்தின் கடைசி விளிம்பு சற்று வெளுத்திருப்பதை மாணவர்கள் தாமாகக் கவனிப்பது அரிது. நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிமிர்த்திப் பிடித்து, பிறகு எடுத்துவிடுங்கள். தாள் இருக்கும்போது விளிம்பு வெளிச்சமாவதும், எடுத்ததும் இருள்வதும் எல்லோருக்கும் தெரியும். தாளில் பட்டுத் திரும்பிய ஒளி அது என்று அப்போது சொல்லுங்கள். தரையில் விழும் நிழலைப் பொறுத்தவரை, கலயத்தின் அடியைத் தொடும் இடம் மிகக் கருமையாகவும், விலக விலக மென்மையாகவும் இருக்கும்.

படி 6: மாட்டி வைத்துப் பேசுதல்

சணல் கயிற்றில் எல்லாத் தாள்களையும் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். நன்றாக வரைந்தவர்களின் படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து மாட்டுவது, மற்றவர்களுக்கு ஓவியம் வராது என்று அறிவிப்பதற்குச் சமம். அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘அழகாக இருக்கிறது’ என்ற சொல்லை அன்றைக்குத் தவிர்த்துவிட்டு, இந்தப் படத்தில் எதை மிக நன்றாகப் பார்த்திருக்கிறார், எந்த இடத்தில் பார்க்காமல் போட்டிருக்கிறார் என்ற இரண்டு கேள்விகளை மாணவர்களிடமே கேளுங்கள். திருத்திக்காட்ட வேண்டியிருந்தால் தனித்தாளில் வரைந்து காட்டுங்கள். மாணவரின் தாளில் ஆசிரியரின் பென்சில் படக்கூடாது.

மதிப்பெண் இட வேண்டிய கட்டாயம் இருந்தால், ஒவ்வொரு தாளிலும் தேதி போடச் சொல்லி, அதே மாணவரின் முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அன்று நேரம் மிஞ்சினால் சித்தன்னவாசல் குகைக் கோயிலின் விதானத்திலுள்ள தாமரைக் குளத்தின் படத்தைக் காட்டுங்கள். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆடவர் என்று நிறைந்திருக்கும் அந்தக் குளத்தில் மொட்டும் விரிந்த மலருமாகத் தாமரைகள் பல நிலைகளில் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு தாமரைகள் எந்தெந்த விதத்தில் வேறுபடுகின்றன என்று மாணவர்கள் சொல்லட்டும். புதுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி என்றால் நேரிலேயே அழைத்துச் செல்லலாம்.

கல்லூரி வகுப்புக்கு

சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி வளர்ந்து உருவானதுதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அத்தகைய கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். தாள் 22 அங்குலத்துக்கு 30 அங்குலமாகவும், பென்சிலுக்குப் பதில் கரித்துண்டாகவும் (சார்கோல்) மாறும். ஒரே பொருளை ஒரு வாரம் முழுவதும் வெவ்வேறு உயரத்திலிருந்து வரையச் சொல்லலாம். ஆனால் கல்லூரிக்கு வந்துவிட்டார்கள் என்பதற்காக வளையல் பயிற்சியைத் தவிர்க்க வேண்டாம். நுழைவுத் தேர்வுக்காகப் படங்களை மனப்பாடம் செய்து வந்தவர்களுக்கே அது அதிகம் தேவைப்படுகிறது.

பள்ளியில் ஆறு வகுப்புகளும் முடிந்தபின் எவர்சில்வர் டம்ளருக்குப் போகலாம். அடுத்து நாற்காலி, அதற்கும் அடுத்து பள்ளி வளாகத்து வேம்பு. மரத்துக்குப் போகும்போது இலைகளிலிருந்து தொடங்க விடாதீர்கள். அடிமரம் மண்ணைத் தொடும் இடத்தின் அகலத்தைப் பென்சிலால் அளந்து, அது முதல் கிளை பிரியும் உயரத்தில் எத்தனை பங்கு என்று குறித்துக்கொண்டு, கிளைகளுக்கிடையே தெரியும் வான வடிவங்களை வரையச் சொல்லுங்கள்.