வீட்டு வாசலில் மல்பெரி: வெட்டினால்தான் பழம்

மரம் வைத்து மூணு நாலு வருஷமாச்சு, கூரைக்கு மேலே போய்விட்டது, பழம் மட்டும் காணோம் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எப்போ வெட்டினீங்க?" என்பதுதான். "வெட்டறதுக்கு மனசு வருங்களா? இப்பத்தானே நல்லா வந்திருக்குது" என்பார்கள். மனசு வரவேண்டும். மல்பெரி பழைய கிளையில் சும்மா காய்க்காது. புதிதாக விடும் துளிரின் அடியில்தான் பூவும் பிஞ்சும் வரும். துளிர் விட வைப்பது கத்தரி. குச்சி தேர்வு, குழி, தண்ணீர் எல்லாம் கீழே சொல்கிறேன். ஆனால் இந்த ஒன்று மனசில் ஏறாவிட்டால் மற்றதெல்லாம் நிழலுக்கு மட்டும்தான் உதவும்.

நான் பிறந்தது உடுமலைப் பக்கம். எங்கள் தோட்டத்தில் அப்பா காலத்திலிருந்தே பட்டுப்புழு வளர்ப்பு உண்டு, இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். அங்கே மல்பெரி என்றால் இலைதான் கணக்கு, பழத்தை யாரும் மதிப்பதில்லை. வரப்போரம் வெட்டாமல் தப்பிய செடியில் பறித்துத் தின்று வாயெல்லாம் ஊதாவாகத் திரிவது பிள்ளைகள் மட்டும்தான். வாக்கப்பட்டு பல்லடம் பக்கம் வந்த பிறகு, வீட்டைச் சுற்றி இருக்கிற கொஞ்சம் இடத்தில் பழத்துக்காகவே வளர்க்கிறேன். புழுவுக்கு வளர்ப்பதும் பழத்துக்கு வளர்ப்பதும் ஒரே செடிதான், வேலைதான் வேறு.

முதலில் குச்சி. பட்டு விவசாயிகள் தோட்டத்தில் பெரும்பாலும் இருப்பது மைசூர் மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வி-1 ரகம். இலை பெரிசு, பளபளப்பு. பழம் சின்னதுதான், ஆனால் நன்றாகக் கறுத்தால் இனிப்பாக இருக்கும். குச்சியிலேயே சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் புதிதாக வைக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். நர்சரிகளில் விரல் நீளத்துக்குப் பழம் படம் போட்டு ஒரு நீளப்பழ ரகம் விற்கிறார்கள். அது வேறு இனம், குச்சியில் லேசில் வேர் விடாது. ஒட்டுச் செடியாகவே வாங்குங்கள், ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள்.

மல்பெரியில் ஆண் மரம், பெண் மரம் பெரும்பாலும் தனித்தனி. ஆண் மரத்துக் குச்சியை நட்டால் ஆயுசுக்கும் பழம் கிடையாது. ஆகவே காய்த்ததை உங்கள் கண்ணால் பார்த்த மரத்தில் மட்டும் குச்சி எடுங்கள். பக்கத்தில் ஆண் மரம் வேண்டுமே என்ற கவலை வேண்டாம், மகரந்தம் இல்லாமலேயே பழம் பிடிக்கக்கூடியது இது.

இன்னொரு விஷயம், பட்டுத் தோட்டத்துக்குப் போய்க் குச்சி கேட்பவர்கள் கவனிக்கவேண்டியது. புழு மனைக்கு வெளியே இலை தின்று முடித்த குச்சி குவியலாகக் கிடக்கும். "அதுல நாலு எடுத்துக்கறேனுங்க" என்று அள்ளிக்கொண்டு வராதீர்கள். அவை இரண்டு இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டுகிற இளங்குச்சிகள், போதாததற்குக் காய்ந்தும் போயிருக்கும். உங்களுக்கு வேண்டியது ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய, பழுப்பேறிய, பென்சில் கனமுள்ள குச்சி. வேலியோரம் வெட்டாமல் விட்ட செடி ஒன்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கும், அதில் கேளுங்கள். நுனியையும் அடியையும் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்து, ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வாக, மேல்பக்கம் நேராக. அப்படி வெட்டினால் தலை எது கால் எது என்று நடும்போது குழப்பம் வராது. வெட்டு கூர்மையாக இருக்கட்டும், பட்டை உரிந்தால் அந்த இடம் அழுகும். கொண்டுவரும்போது ஈரச் சாக்கில் சுற்றிக்கொள்ளுங்கள்.

செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சமமாகக் கலந்து பையில் நிரப்பி, குச்சியை லேசாகச் சாய்த்து, ஒரு கணு மட்டும் வெளியே தெரியும்படி புதையுங்கள். மண்ணை நன்றாக அழுத்திவிடுங்கள், உள்ளே காற்று இருந்தால் வேர் வராது. நிழலில் வையுங்கள். ஈரம் காயக்கூடாது, சேறாகவும் கூடாது. இரண்டு வாரத்தில் துளிர் வந்துவிடும். வந்ததும் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அது குச்சியில் இருந்த சத்தில் வந்த துளிர், அடியில் அப்போது வேரே இருக்காது. ஆட்டிப் பார்க்காமல் விட்டுவையுங்கள். மூன்று மாதம் போனால் தரையில் வைக்கலாம். பத்துக் குச்சி வைத்தால் இரண்டு மூன்று போகத்தான் செய்யும், கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

காலம் பற்றி என் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது விதைக்குச் சரி. குச்சிக்கு நம் பக்கம் ஆடி ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் எப்படி அடிக்கும் என்று காற்றாலை நிற்கிற ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்று துளிரை ஒரே நாளில் கருக்கிவிடும். நான் பையில் வைப்பது வைகாசி, ஆனியில், காற்றுப் படாத சுவரோரம். தரைக்கு மாற்றுவது புரட்டாசி கடைசியில். நமக்கு மழை என்று சொல்லிக்கொள்ளும்படி பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த ஈரத்தில் வேர் இறங்கிவிட்டால் அடுத்த கோடையைத் தாங்கும்.

இடம் வெயில் விழுகிற இடமாக இருக்கவேண்டும், அரைநிழலில் இலைதான் வரும். சுவரிலிருந்து எட்டடியாவது தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, குழாய் போகிற பாதை, இவற்றின் பக்கம் வேண்டவே வேண்டாம். வேர் ஈரத்தைத் தேடிப் போகிற சாதி. கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலேயும் வேண்டாம், காரணம் பழம் விழ ஆரம்பித்ததும் தெரியும். குழி ஒன்றரை அடி நீள அகல ஆழம் போதும். செம்மண் என்றால் இரண்டு கூடை எரு போட்டு மூடலாம். கரிசல் என்றால் மணல் சேர்த்து, செடியைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் மேடாக்குங்கள், தண்ணீர் நின்றால் வேர் அழுகும். தோண்டும்போது வெள்ளையாகச் சுக்கான்கல் வந்தால் முடிந்தவரை எடுத்துப் போட்டுவிட்டு வேறு மண் நிரப்புங்கள். சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளடிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இடமே இல்லாதவர்கள் பாதியாக அறுத்த நீல டிரம்மில் வைக்கலாம், அடியில் ஓட்டை போட்டு. ஒரு எச்சரிக்கை: திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் விலை மலிவாகக் கிடைக்கும் பழைய டிரம்களில் பல சாயப்பட்டறைக்குக் கெமிக்கல் வந்தவை. என்னதான் கழுவினாலும் சாப்பிடுகிற பழத்துக்கு அது வேண்டாம். பெயிண்ட் டப்பாவும் அப்படித்தான்.

தண்ணீர் முதல் வருஷம் வாரம் இரண்டு தடவை, அப்புறம் வாரம் ஒரு தடவை. எங்கள் போர் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கிற சப்பைத் தண்ணீர்தான், அதிலேயே வந்துவிட்டது. அரிசி கழுவின தண்ணீர் ஊற்றலாம், துணி துவைத்த தண்ணீர் வேண்டாம்.

இப்போது கத்தரிக்கு வருவோம். முதல் வருஷம் பழத்தை எதிர்பார்க்காதீர்கள், வந்தாலும் கிள்ளிவிடுங்கள். ஒற்றைத் தண்டாக நெஞ்சு உயரம் வரை விட்டு, பக்கத்துளிர்களை எடுத்து, உச்சியை வெட்டுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே வரும் கிளைகளில் நாலு திசைக்கு நாலு கிளை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுங்கள். இனி மரத்தின் உயரம் அவ்வளவுதான். வருஷாவருஷம் அந்த நாலு கையிலிருந்து வருகிற குச்சியைத்தான் வெட்டப்போகிறோம். ஏணி போட்டுப் பறிக்கிற மரம் வீட்டுக்கு எதற்கு?

பெரிய வெட்டு பொங்கல் முடிந்த கையோடு. அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுவேன். பிறகு ஒவ்வொரு குச்சியிலும் மூன்றில் ஒரு பங்கு நுனியை வெட்டி, மீதியில் இருக்கிற இலையை ஒன்று விடாமல் கையால் உருவிவிடுவேன். மெலிந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி எல்லாம் அடியோடு. இலையை உருவுவது முக்கியம். இலை இருக்கிறவரை மொட்டு தூங்கிக்கொண்டிருக்கும். உருவின அன்றே அடி மண்ணைக் கொத்தி, ஒரு கூடை எரு போட்டு, நிறைய தண்ணீர் விடுங்கள். ஊறவைத்துக் கரைத்த கடலைப் புண்ணாக்கு இருந்தால் ஒரு வாரம் கழித்து ஒரு வாளி. மரம் மொட்டைத்தலையாக நிற்கும். எதிர் வீட்டு அக்கா ஒவ்வொரு வருஷமும் "ஏனுங்க அம்மிணி, நல்லா இருந்த மரத்தை இப்படிப் பண்ணிப்போட்டீங்க" என்று கேட்பார், பங்குனியில் அவரே கிண்ணம் எடுத்துக்கொண்டு வருவார்.

உருவி ஒன்றிரண்டு வாரத்தில் கணுக்கள் உப்பும். அப்போது கிட்டப் போய்ப் பாருங்கள். சுருட்டின இலையின் இடுக்கிலிருந்து பச்சையாக ஒரு சின்னக் கட்டி எட்டிப் பார்க்கும், அதன் ஒவ்வொரு புடைப்பிலும் இரண்டு வெள்ளை நூல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பெண் பூ. நூல் காய்ந்து பழுப்பானதும் புடைப்பெல்லாம் பருத்து ஒன்றோடொன்று நெருங்கிப் பிஞ்சாகும். ஆண் மரமாக இருந்தால் இந்த நூல் இருக்காது, பூங்கொத்து நீளமாகத் தொங்கி, மஞ்சள் தூளை உதறிவிட்டுச் சில நாளில் கொட்டிப்போகும். அப்படிக் கண்டால் வருத்தப்பட்டுப் பயனில்லை, வேறு குச்சி வையுங்கள். அந்த மரத்தை ஆட்டுக்கு விட்டுவிடலாம்.

வெட்டியதிலிருந்து ஒன்றரை, இரண்டு மாதத்தில் பழம். மாசிக் கடைசியும் பங்குனியும் எங்கள் வீட்டில் அதுதான் வேலை. அந்தக் காய்ப்பு முடிந்ததும் அப்படியே விட்டுவிடுகிறேன், சித்திரை வெயிலில் வெட்டுவதில்லை. ஆடிக்காற்றுக்கு முன்னால் வெட்டினால் இளந்துளிர் முறியும். காற்று ஓய்ந்து ஆவணியில் ஒரு சின்ன வெட்டு வெட்டலாம், ஐப்பசி மழையில் வருகிற பழம் தண்ணீராக இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு வெட்டுங்கள். வருஷத்துக்கு நாலு தடவை வெட்டி நாலு தடவை பழம் எடுக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. எடுக்கலாம், எரு அதற்கேற்ப வேண்டும், மரமும் சீக்கிரம் களைத்துவிடும். வீட்டுக்கு இரண்டு போதும்.

நோய் பூச்சியில் ஒன்றைப் பற்றித்தான் நீட்டிச் சொல்ல வேண்டும், அது மாவுப்பூச்சி. நுனி இலை சுருண்டு, தடித்து, கரும்பச்சையாகி, விரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை மாவு மாதிரி இருந்தால், அதைத் தோட்டக்காரர்கள் டுக்ரா என்பார்கள். நுனியோடு கிள்ளி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள், பக்கத்துச் செடியில் உதறாதீர்கள். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சி இருக்கிறது என்று அர்த்தம். எறும்புப் புற்றையும் சேர்த்துக் கவனியுங்கள்.

மருந்து கடையில் போய் நிற்காதீர்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2008-ல் கோவையில் முதன்முதலாகத் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, நம் பக்கத்துப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி மூன்றையும் நாசமாக்கியது. தம்பி தோட்டத்தில் இலையெல்லாம் வெள்ளையாக மூடிப்போய், புழுவுக்குப் போட இலை இல்லாமல் திண்டாடினோம். அடித்த மருந்து எதுவும் அந்த மெழுகுப் பூச்சைத் தாண்டி உள்ளே போகவில்லை. 2010-ல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தப் பூச்சிக்கு எமனான குட்டி ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, வளர்த்து, விட்டார்கள். அதற்கப்புறம்தான் அடங்கியது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளவிக்கு மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். அக்கம்பக்கத்தில் யாராவது பட்டுப்புழு வளர்த்தால் இன்னும் கவனம், காற்றில் போகிற மருந்தே புழுவைக் கொன்றுவிடும்.

மார்கழிப் பனியில் இலையின் அடியில் சாம்பல் பூத்தாற்போல் வரும். எப்படியும் தையில் உருவப்போகிற இலைதானே, விட்டுவிடுங்கள்.

பழம் சிவப்பாக இருக்கும்போது புளிக்கும். பறித்த பிறகு பழுக்காது, ஆகவே கன்னங்கரேலென்று கறுத்து, விரல் பட்டதும் கையோடு வருகிற அளவுக்குக் காத்திருங்கள். கறுத்ததற்கு அடையாளம் மைனாவும் குயிலும் காலையிலேயே வந்துவிடும். கைக்கெட்டுகிற கிளைகளுக்குப் பழைய கொசுவலை போட்டு, எட்டாத உச்சியைப் பறவைக்கு விட்டுவிட்டேன். அவற்றோடு சண்டை போட்டு யாரும் ஜெயித்ததில்லை. பறிப்பதை விட, அடியில் பழைய சேலையை விரித்துக் கிளையை லேசாக உலுக்குவது சுலபம். அன்றன்றைக்குத் தின்றுவிடுங்கள், ஃபிரிட்ஜில் இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. கழுவுவது தின்னும் முன்னால்தான். மிஞ்சினால் பாதிக்குப் பாதி சர்க்கரை போட்டுக் காய்ச்சி, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தால் பிள்ளைகள் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்வார்கள். கறை கையில் பட்டால், மரத்திலேயே இருக்கும் சிவந்த காயைக் கசக்கித் தேய்த்துக் கழுவுங்கள், பெரும்பாலும் போய்விடும். வெள்ளைச் சட்டைக்கு உத்தரவாதம் இல்லை.

வெட்டின தழையைக் குப்பையில் போடவேண்டாம். உலர் எடையில் 15 முதல் 25 சதவீதம் புரதம் உள்ள இலை அது. ஆடு வைத்திருப்பவர்களிடம் "நாளைக்கு வெட்டறனுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், வண்டியோடு வந்து நிற்பார்கள். நல்ல முற்றின குச்சிகளை மட்டும் முன்னாலேயே எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிடுங்கள், வாசலில் மரத்தைப் பார்த்துக் குச்சி கேட்டு வருகிறவர்களுக்கு.