கடைக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி உங்களப் பத்தி எழுதிப் பாத்துடுங்க

ராணிப்பேட்டை ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனில பல வருஷம் சூப்பர்வைசரா இருந்தவங்க, வேலூர் சத்துவாச்சாரில வீட்லயே கேக் செஞ்சு குடுக்கற பொண்ணுங்க, வெளிநாட்டு வேலைய விட்டுட்டு ஊர்ல செட்டில் ஆகணும்னு வர்றவங்க, இவங்க எல்லாரும் தொழில்னு பேச்செடுத்தா மொதல்ல கேக்கறது எந்த தொழில் இப்ப நல்லா போகுது, அடுத்தது லோன் எங்க கெடைக்கும். இந்த ரெண்டுக்கும் பதில் சொல்ல ஊர்ல ஆள் இருக்காங்க. ஆனா நான் யார் கண்ணுக்கு எப்டி தெரியணும்னு இத ஆரம்பிக்கறேன், இதுல இருந்து எனக்கு என்ன வேணும், இத வேற யாரும் உங்களுக்கு சொல்ல முடியாது, நீங்களேதான் உக்காந்து எழுதணும். தயவுசெஞ்சு இத வெட்டி வேலன்னு தள்ளிடாதீங்க, நல்ல கைத்தொழில் தெரிஞ்சவங்க கூட இங்கதான் சறுக்குறாங்க.

ஒரு 40 பக்க நோட்டு போதும். போன்ல டைப் பண்ணாதீங்க, கையால எழுதுங்க, மனசுல இருக்கறது அப்பதான் வெளிய வரும்.

மொதல் பக்கத்துல, நாலு பேரு என்ன சொல்வாங்கன்னு நாம எப்பவும் சொல்றோமே அந்த நாலு பேரோட பேர எழுதுங்க. நிஜமான பேரு. பெரியப்பாவா, பழைய மேனேஜரா, கூடப் படிச்சு சென்னைல கார் வாங்கின பையனா, சம்பந்தி வீடா. ஒவ்வொரு பேருக்கு பக்கத்துலயும் அவர் உங்களப் பாத்து என்ன சொல்லணும்னு ஆசைப்படறீங்கன்னு ஒரு வரி. அதுக்கும் பக்கத்துல அவர் உங்க கடைல மாசம் எவ்ளோ ரூபாய்க்கு வாங்குவார்னு ஒரு நம்பர். பெரும்பாலும் அந்த நம்பர் பூஜ்யமா இருக்கும். இப்ப கடைக்கு போட்டு வச்சிருக்கற செலவு லிஸ்ட்ட எடுத்து, எது எது கஸ்டமருக்காக, எது எது இந்த நாலு பேருக்காகன்னு டிக் பண்ணுங்க. கிளாஸ் டோர், ஏசி, தெரு முழுக்க பிளக்ஸ், தெறப்பு விழாவுக்கு பெரிய மனுஷன கூட்டிட்டு வர்றது, இதெல்லாம் கூட்டிப் பாத்தா ஒன்றரை லட்சம் வருதுன்னு வைங்க, கடை வாடகை மாசம் 15 ஆயிரம்னா அது பத்து மாச வாடகை. பத்து மாசம்ன்றது ஒரு புதுக்கடைக்கு உயிர் மாதிரி. நகைக்கடையோ பியூட்டி பார்லரோ வைக்கறீங்கன்னா தோற்றமே வியாபாரம்தான், அங்க ஏசி கஸ்டமர் கணக்குலதான் வரும், நான் வேணாம்னு சொல்லல, ஆனா யாருக்காக போடறோம்னு தெரிஞ்சு போடணும்.

அடுத்த பக்கத்துல, அந்த தொழில்ல கதவ தொறக்கறதுலருந்து சாத்தற வரைக்கும் என்னென்ன வேலைன்னு ஒன்னு விடாம எழுதுங்க. டிபன் கடைன்னா விடியக்காலைல நேதாஜி மார்க்கெட்டுக்கு போயி காய் பேரம் பேசணும், மாவு ஆட்டணும், ஆள் வரலன்னா தட்டு கழுவணும், சாப்டுட்டு நிக்கறவங்க கிட்ட காசு கேட்டு வாங்கணும், மே மாச வெயில்ல பார்சல் கொண்டு போயி குடுக்கணும். இதுல எத செய்யறப்ப தெரிஞ்சவங்க பாத்துடக் கூடாதேன்னு தோணுதோ அதுக்கு வட்டம் போடுங்க. பழைய ஆபீஸ் ஆளு டேபிள்ல உக்காந்து "இன்னாப்பா, நீ இங்க கீற?"ன்னு கேட்டா சிரிச்சிக்கினே "ஆமாணா, நம்ம கடைதான், இன்னா சாப்புடறீங்க"ன்னு உங்களால சொல்ல முடியுமா? முடியாதுன்னா அதுல தப்பு ஒன்னும் இல்ல, ஆனா அந்த வேலைக்கு ஒரு ஆள் வைக்கணும், அந்த ஆளோட சம்பளம் இப்பவே கணக்குல ஏறணும். இல்லன்னா ஒரு மாசம் வேற யார் கடைலயாவது போயி அதே வேலைய செஞ்சு கூச்சம் போகுதான்னு பாக்கணும், ரெண்டுல இதுதான் நல்ல வழி.

இதுக்கு நேர் எதிரா இன்னொன்னு இருக்கு, அத யாருமே பேச மாட்டேங்கறாங்க. தன்ன ரொம்ப கம்மியா நெனச்சிக்கறது. முக்கியமா வீட்லருந்து தொழில் பண்ற பொண்ணுங்க, "சும்மா இருக்கற நேரத்துல செய்யறதுதானே"ன்னு சொல்லி மாவு, முட்டை, வெண்ணெய், டப்பா காச மட்டும் கூட்டி மேல அம்பதோ நூறோ வச்சு வெல சொல்லிடறாங்க. மூனு மணி நேரம் நின்னு செஞ்ச உழைப்புக்கும் கேஸுக்கும் கரண்டுக்கும் கணக்கே இல்ல. அப்புறம் ஆர்டர் கூட வரவர ஒடம்புதான் போகுது, கைல காசு நிக்கல, வீட்ல இருக்கறவங்க இதெல்லாம் வேணாம் விடுன்றாங்க. நீங்களும் அப்டின்னா நோட்டுல பெருசா எழுதுங்க, என் ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோ. வெளில ஒரு கடைல வேலைக்கு போனா என்ன குடுப்பாங்களோ அதுக்கு கீழ போகாதீங்க. சொந்தக்காரங்க விஷயத்தையும் இப்பவே முடிவு பண்ணிடுங்க. அத்தை வந்து "நமக்குள்ள இன்னாடி காசு"ன்னு நிக்கறப்ப யோசிச்சா வாய் வராது. "அத்தை, உங்களுக்கு ஒரு தடவை என் ஆசையா செஞ்சு தர்றேன், அடுத்ததுலருந்து கடை ரேட்டு"ன்னு ஒரு வரிய எழுதி ரெண்டு மூனு வாட்டி வாய் விட்டு சொல்லிப் பாருங்க. அத்தை கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டாலும் ரெண்டு நாள்தான்.

எங்க கடை வைக்கறதுன்றதும் இதோட சேந்ததுதான். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் காந்தி ரோட்டுல வர்றவங்க நெறைய பேர் வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்குலருந்து வைத்தியத்துக்கு வந்தவங்க, சில நாளோ சில வாரமோ லாட்ஜுல தங்கிட்டு போயிடுவாங்க. அங்க வியாபாரம் இருக்கு, ஆனா வருஷக்கணக்கா அதே முகம் வந்து உங்கள அண்ணான்னு கூப்புடும்னு எதிர்பாத்தா ஏமாந்துடுவீங்க, இந்தி பேச கூச்சம்னாலும் அங்க கஷ்டம். காட்பாடில விஐடி காலேஜ் பக்கம்னா செமஸ்டர் லீவுல பசங்க ஊருக்கு போயிட்டா தெருவே காலி, அந்த மாசத்துக்கும் வாடகை உண்டு. ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் ஷூ அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம், தச்சு குடுக்கற ஜாப் ஒர்க்னா ஏற்றுமதி ஆர்டர் குறைஞ்சா உங்களுக்கும் வேலை குறையும். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006 சட்டம் சொல்லுது, ஆனா பெரிய கம்பெனி கிட்ட போயி சட்டம் பேசி பாக்கிய கேக்கற ஆளா நீங்க, இல்ல கேட்டா ஆர்டர் போயிடுமோன்னு வாய மூடிக்கற ஆளா? அத நேர்மையா எழுதிடுங்க, ஏன்னா ரெண்டாவது ஆளுன்னா கைல இன்னும் கூட காசு வச்சுக்கிட்டுதான் எறங்கணும்.

கடைசி பக்கத்த வீட்டுக்காரம்மாவோ வீட்டுக்காரரோ பக்கத்துல இல்லாம எழுதாதீங்க. வீட்டு செலவு மாசம் எவ்ளோ, கடைலருந்து ஒரு ரூபா எடுக்காம எத்தனை மாசம் தாங்கும், எந்த நகை அடகுக்கு போகலாம் எது போகவே கூடாது, எந்த தேதில எவ்ளோ நஷ்டம் ஆகியிருந்தா நிறுத்திடறது. இந்த நிறுத்தற கணக்க எழுதறப்ப அபசகுனமா பேசறேன்னு வீட்ல பெரியவங்க திட்டுவாங்க. திட்டினாலும் எழுதுங்க. அது இல்லாதவங்கதான் தோத்தா மானம் போயிடும்னு தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் வாங்கி கடைய ஓட்டறாங்க, போறது கடைசில மானம் மட்டும் இல்ல, வீடும்.

இதெல்லாம் எழுதின பிறகு மாவட்ட தொழில் மையத்துக்கு போங்க. புதுசா தொழில் ஆரம்பிக்கறவங்களுக்கு மத்திய அரசு மானியத்தோட வர்ற பிஎம்இஜிபி லோன்னா, மொத்த ப்ராஜெக்ட் செலவுல பொதுப் பிரிவுக்கு 10 சதவீதம், பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் மாதிரி சிறப்புப் பிரிவுக்கு 5 சதவீதம் உங்க கைக்காசு போடணும். மானியம்னா கைல எண்ணி குடுப்பாங்கன்னு நெனைக்காதீங்க, அது பேங்க்ல 3 வருஷம் டெபாசிட்டா நின்னு அப்புறம்தான் லோன்ல கழியும். சிறு தொழில்னு அரசாங்கத்துல பதியற உத்யம் பதிவுக்கு ஃபீஸ் எதுவும் கெடையாது. லோனுக்கு குடுக்கற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ட ஜெராக்ஸ் கடைல குடுத்து அடிச்சு வாங்கறவங்க, அதுல இருக்கற நம்பர் உங்க நோட்டுல இருக்கற நம்பரோட ஒத்துப்போகுதான்னு உக்காந்து பாருங்க, முக்கியமா உங்களுக்குன்னு மாச சம்பளம் ஒரு வரி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அத போட்டு திரும்ப அடிக்க சொல்லிட்டு கையெழுத்து போடுங்க.