ஐபி டிப்ளமோ: பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே நடந்துவிடும் தவறுகள்

பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இணையான இரண்டு வருடச் சர்வதேசப் பாடத்திட்டமான ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) டிப்ளமோவில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கட்டணம். அடுத்தது, பள்ளியின் சராசரி மதிப்பெண். பாடத் தேர்வுப் படிவம் வரும்போது மட்டும் "நீயே பார்த்துப் போட்டுடும்மா" என்று பிள்ளையிடம் விட்டுவிடுகிறார்கள். பத்து வருடமாக இந்த மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். இரண்டாம் ஆண்டில் நான் பார்க்கும் கண்ணீரில் பாதி அந்தப் படிவத்தில் தொடங்கியதுதான்.

1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய திட்டம் இது. இந்தியாவில் முதலில் நடத்தியது நம் கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-இல். மாணவர்கள் ஆறு பாடம் எடுக்க வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று, ஆழமாகப் படிக்கும் ஹையர் லெவலில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 240 மணி நேர வகுப்பு. மற்றவை ஸ்டாண்டர்ட் லெவல், 150 மணி நேரம். பாடத்துக்கு 7 வீதம் 42 புள்ளி. நீண்ட ஆய்வுக் கட்டுரைக்கும் 'டோக்' என்னும் அறிவுக் கோட்பாட்டுப் பாடத்துக்கும் சேர்த்து 3. மொத்தம் 45. இவை போக, படைப்பு, உடற்செயல்பாடு, சேவை ஆகியவை அடங்கிய 'காஸ்' என்னும் செயல்பாடுகளையும் முடித்தாக வேண்டும்.

முதல் தவறு, பிடித்த பாடங்களை எடுத்துவிட்டுக் கல்லூரியை அப்புறம் யோசிப்பது. போக விரும்பும் படிப்பு என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் படிவத்தைத் தொட வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்தே டாக்டர் ஆசை. உயிரியல், வேதியியல், பொருளியல் என்று அழகாகத் தேர்ந்தெடுத்திருந்தாள். நீட் வழியாகப் போக இயற்பியலும் வேண்டும் என்பது இரண்டாம் ஆண்டில்தான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தாலும் அது எளிதில்லை. கலைப் பாடத்தின் இடத்தில் இரண்டாவது அறிவியலை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுக்கு வழக்கமான அமைப்பில் இடம் கிடையாது. பல்கலைக்கழக நிபந்தனையைக் காட்டி, பள்ளி மூலமாக ஐபியிடம் தனி அனுமதி கேட்க வேண்டும். பிளஸ் ஒன் சேரும்போது கேட்டால் வழி பிறக்கும். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் என்ன செய்ய முடியும்? அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் வீணானது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணிதத்திலும் இதே கதைதான். 2019-இலிருந்து ஐபியில் கணிதம் இரண்டு வகை. 'அனாலிசிஸ்' வகையில் நுண்கணிதமும் நிரூபணமும் அதிகம். 'அப்ளிகேஷன்ஸ்' வகையில் புள்ளியியலும் கால்குலேட்டர் வேலையும் அதிகம். இரண்டாவது சுலபம் என்று யாரோ சொல்ல, பொறியியல் படிக்க நினைக்கும் பிள்ளை அதில் சேர்ந்துவிடுகிறது. பல பொறியியல் துறைகள் ஹையர் லெவல் அனாலிசிஸ்தான் கேட்கின்றன. நினைத்திருக்கும் கல்லூரியின் இணையப் பக்கத்தில் அரை மணி நேரம் செலவழித்தால் இது தெரிந்துவிடும்.

அடுத்து 4,000 சொல் ஆய்வுக் கட்டுரை. இந்தத் திட்டத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதினேழு வயதில் ஒரு கேள்வியைத் தானே எழுப்பி, தரவு சேர்த்து, அது தன் ஊகத்தைப் பொய்யாக்கினாலும் அப்படியே எழுதப் பழகிய பிள்ளை, கல்லூரி முதலாண்டில் மற்றவர்கள் திணறும் இடத்தில் நிதானமாக உட்கார்ந்து எழுதும். ஆனால் பலரும் ஊர் அளவுக்குத் தலைப்பை எடுத்துக்கொள்கிறார்கள். 'உணவும் ஆரோக்கியமும்' என்று ஒரு மாணவன் வந்தான். பேசிப் பேசி, நெல்லிக்காய்ச் சாற்றை வெவ்வேறு வெப்பநிலையில் சூடாக்கினால் வைட்டமின் சி எவ்வளவு குறைகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். பள்ளி ஆய்வகத்தில் அயோடின் கரைசலை வைத்தே அளந்துவிடலாம். அந்தக் கட்டுரையின் ஒவ்வொரு எண்ணையும் அவனே அளந்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முழு வரைவை வழிகாட்டும் ஆசிரியர் ஒரே ஒரு முறைதான் படித்துக் கருத்துச் சொல்லலாம். அரைகுறையாக எழுதிக் கொடுத்து அந்த வாய்ப்பைத் தொலைக்காதீர்கள். ஏஐ கருவிகளை ஐபி தடை செய்யவில்லை. ஆனால் பயன்படுத்தியதைக் குறிப்பிடாமல் தன் எழுத்தாகக் கொடுத்தால் அது நேர்மை மீறல். டிப்ளமோவே கைநழுவிப் போகலாம்.

தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. இரண்டாம் ஆண்டின் முதல் பாதியில் ஒவ்வொரு பாடத்தின் உள்மதிப்பீடு, டோக் கட்டுரை, கல்லூரி விண்ணப்பம் எல்லாம் ஒன்றாக வந்து விழும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் பிரிட்டனின் மருத்துவப் படிப்புகளுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. அப்போது கையில் இறுதி மதிப்பெண் இருக்காது. ஆசிரியர்கள் கணித்துத் தரும் மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் பேசுவார்கள். அந்தக் கணிப்புக்கு முதலாண்டு வேலையே அடிப்படை. அதனால் "முதல் வருஷம் பழகிக்கட்டும்" என்று விடாதீர்கள். ஆய்வுக் கட்டுரையின் முதல் வரைவை இடையில் வரும் நீண்ட விடுமுறையிலேயே முடித்துவிட வேண்டும்.

மதிப்பெண்ணைச் சதவீதமாக்கிப் பார்த்து மனம் உடைவதும் நம் வீடுகளில் வழக்கம். 45-க்கு 36 என்றால் 80 சதவீதம்தானே என்று முகம் சுருங்கும். உலகச் சராசரியே 30-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. 36 நல்ல மதிப்பெண், சந்தேகமே வேண்டாம். அதே நேரம், டிப்ளமோவுக்கு மொத்தம் 24 புள்ளி வந்தால் போதும் என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. மூன்று ஹையர் லெவல் பாடங்களில் சேர்த்து 12 புள்ளியாவது வேண்டும். எந்தப் பாடத்திலும் 1 வரக் கூடாது. ஆய்வுக் கட்டுரையிலோ டோக்கிலோ 'ஈ' என்னும் கடைசி கிரேடு வந்தால் டிப்ளமோ கிடையாது.

காஸ் பற்றிச் சுருக்கமாக. சான்றிதழ் சேர்க்கும் வேலையாக அதை ஆக்காதீர்கள். மணிக்கணக்கை ஐபி இப்போது கேட்பதில்லை. 18 மாதம் தொடர்ந்து ஈடுபட்டதையும் அதிலிருந்து கற்றதையும்தான் கேட்கிறது. வாரம் ஒருநாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் காஸ்தான்.

கடைசியாக, எனக்கு மனசுக்கு நெருக்கமான ஒன்று. ஐபி என்றதும் பலர் செய்யும் முதல் வேலை தமிழை விட்டுவிட்டு, பிரெஞ்சோ ஸ்பானிஷோ அரிச்சுவடியிலிருந்து எடுப்பது. புதிய மொழி கற்பது நல்லதுதான். ஆனால் பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும், பள்ளியின் ஆதரவோடு தாய்மொழி இலக்கியத்தை ஸ்டாண்டர்ட் லெவலில் தானே படிக்கும் வழி ஐபியில் உண்டு. வீட்டில் தமிழ் வாசிக்கும் பிள்ளை என்றால், படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஐபி ஒருங்கிணைப்பாளரிடம் இதைக் கேட்டுவிடுங்கள். படிக்கப்போகும் நூல்களைத் தேர்ந்தெடுக்கவே சில வாரங்கள் ஆகும்.