அறிவியல் புனைவு கேமுக்குக் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமுக்குக் கதை எழுத உட்கார்ந்ததும் பலர் ஐயாயிரம் வருட வரலாற்றில் தொடங்கிவிடுகிறார்கள். மூன்று பேரரசுகள், ஏழு போர்கள், நாற்பது பக்கம் எழுதி முடித்த பிறகும், விளையாடுபவர் முதல் அறையில் என்ன செய்கிறார் என்பது முடிவாகியிருக்காது. வரலாறு காத்திருக்கட்டும். உங்கள் உலகம் நம் உலகத்திலிருந்து எதில் மாறுபடுகிறது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். அதனால் வேலை, தூக்கம், சண்டை, கடன் எல்லாம் எப்படி மாறும் என்று யோசித்தாலே பாதி உலகம் உருவாகிவிடும்.

உதாரணமாக, காற்றுக்குக் காசு வாங்கும் ஒரு காலனி. இதை விளக்கி இரண்டு பக்க ஆவணம் எழுதி மேசைமேல் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. யாரும் படிக்கமாட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் காற்றின் செலவை அளக்கும் மீட்டர் ஒன்று ஓடட்டும். பாக்கி வைத்தவர்களின் பெயர்கள் சுவரில் இருக்கட்டும். மூச்சு வீணாகும் என்பதால் அங்குள்ளவர்கள் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்கள். அப்படியானால் உங்கள் வசனமும் அப்படித்தான் இருக்க வேண்டும். முக்கியமாக, விளையாடுபவர் ஓடினால் அவர் காற்றும் குறைய வேண்டும். கதையில் அரிதான பொருள் ஆட்டத்தில் இலவசமாகக் கிடைத்தால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

அறிவியலில் அதிகம் சறுக்குவது தொலைத்தொடர்பில்தான். செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒரு செய்தி போய்ச்சேர, கோள்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். பதில் வர அதே நேரம் மறுபடியும். பூமியிலிருக்கும் தளபதி காதில் உடனுக்குடன் பேசினால் அது பிழை. ஆனால் இந்தத் தாமதம் கதைக்குப் பெரிய வரம்: "கதவைத் திறக்காதே" என்ற கட்டளை, கதவைத் திறந்து இருபது நிமிடம் கழித்து வந்து சேரட்டும்.

சுழலும் விண்வெளி நிலையமும் அப்படித்தான். சுழற்சியாலேயே பூமியின் ஈர்ப்பு போன்ற ஒன்று வேண்டுமென்றால், நிமிடத்துக்கு 2 சுற்று சுற்றும் வளையத்துக்குச் சுமார் 224 மீட்டர் ஆரம் தேவை. ஆரம் 10 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஒன்பது சுற்றுக்கு மேல். உள்ளே இருப்பவருக்குத் தலை கிறுகிறுக்கும். மையத்தை நோக்கிப் பாதி தூரம் ஏறினால் எடையும் பாதியாகும். லெவல் டிசைனரிடம் (ஆட்டத்தின் இடங்களை வடிவமைப்பவரிடம்) இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள், ஒவ்வொரு தளத்திலும் குதிக்கும் உயரம் மாறும்.

விளையாடுபவரின் தேர்வுக்கேற்பப் பிரியும் கிளைக்கதைக்கு ஆசைப்படும்போது கணக்குப் போடுங்கள். இரண்டு தேர்வு வீதம் பத்து இடத்தில் பிரித்தால் 1,024 பாதைகள். யாராலும் எழுதி முடிக்க முடியாது. பிரிந்த பாதைகளை அடுத்த முக்கியக் கட்டத்தில் சேர்த்துவிட்டு, விளையாடுபவர் எதைத் தேர்ந்தார் என்பதை மட்டும் ஒரு வேரியபிளில் (நிரல் மதிப்பைச் சேமித்து வைக்கும் இடத்தில்) நினைவு வையுங்கள். மூன்று மணி நேரம் கழித்து ஒரு கதாபாத்திரம் அதை ஒரு வரியில் குறிப்பிட்டாலே போதும்.

"இன்னும் ஒரு மணி நேரத்தில் நிலையம் வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு மீன் பிடிக்க அனுமதிப்பதும் தவறு. நேரக்கெடு உண்மையாக ஓட வேண்டும், இல்லையேல் அதைச் சொல்லவே கூடாது. கதையைச் சொல்ல ஆட்டத்தில் ஆங்காங்கே வைக்கும் ஒலிப்பதிவுத் துண்டுகளையும் வரிசைப்படிதான் கண்டெடுப்பார்கள் என்று நம்பாதீர்கள். மூன்றாவது முதலில் கிடைத்தாலும் தனியாகப் புரிய வேண்டும்.

கடைசியாக வசனத்தின் நீளம். லெவல் தயாரானதும் ஒருவரை ஓடவிட்டு நேரம் பாருங்கள். நடைபாதையைக் கடக்க 12 வினாடி, வசனத்தைப் பேச 20 வினாடி என்றால் அடுத்த சண்டை தொடங்கி வசனம் பாதியில் அறுந்துவிடும். வெட்டுங்கள், முடியாவிட்டால் லிஃப்டுக்குள் மாற்றுங்கள். அங்கே அவர் எங்கும் ஓட முடியாது.