அக்குளில் மறைந்த கறுப்புப் பொருக்கு: கேஸ் ரிப்போர்ட் எழுதும் முறை

ஒரு நோயாளியிடம் கண்டதை மருத்துவ இதழுக்கு எழுதுவதுதான் கேஸ் ரிப்போர்ட். அதை எழுத நோய் அரியதாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் தொடங்குகிறார்கள். அரிதாக இருந்தால் மட்டும் போதாது. படித்து முடித்த டாக்டர் நாளைக் காலை ரவுண்ட்ஸில் எதை மாற்றிச் செய்வார்? இதற்கு ஒரே வரியில் பதில் வந்தால் எழுதுங்கள்.

ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது ஒன்றும் புதிதல்ல. ஒருவருக்கு வந்தது என்பது செய்தியாகாது. ஆனால், டெங்கு என்றே ஆறு நாள் பார்க்கப்பட்டவரின் அக்குளில் எஸ்கார் இருந்தது, சட்டையைக் கழற்றிப் பார்த்ததும் தெரிந்தது என்றால் அது செய்தி. எஸ்கார் என்பது சிகரெட்டால் சுட்டதுபோல் நடுவில் கறுப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவந்த வளையமுமாக இருக்கும். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி தானாகச் சொல்லவும் மாட்டார். அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பகத்தின் அடி, தொடை இடுக்கு என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

எழுத உட்காருவதற்கு முன் ஒரு தாளில் நாள்வரிசை போடுங்கள். காய்ச்சல் தொடங்கிய நாளே 1-ஆம் நாள், அட்மிஷன் நாள் அல்ல. இரண்டையும் கலந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஐஜிஎம் எலைசா (நோய் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ரத்தப் பரிசோதனை) முதல் வாரத்தில் நெகட்டிவாக வரக்கூடும். எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தது என்று இல்லாமல் ‘ஐஜிஎம் நெகட்டிவ்’ என்று எழுதினால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நம்ப வேண்டாம். இதற்கான ஆன்டிபயாடிக் டாக்சிசைக்ளின் 100 மி.கி. முதல் டோஸ் எத்தனை மணிக்குப் போனது, காய்ச்சல் எப்போது விட்டது என்பதெல்லாம் நர்ஸ் சார்ட்டில்தான் இருக்கும். ஒவ்வொரு லேப் எண்ணுடனும் அலகும் அந்த லேபின் இயல்பு அளவும் வேண்டும்.

அடுத்த சறுக்கல், மருந்துக்குக் கேட்டதையே நோய்க்கு நிரூபணமாக்குவது. டாக்சிசைக்ளின் கொடுத்து 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டது என்றால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். எலிக்காய்ச்சலும் (லெப்டோ) அதே மருந்துக்குக் கேட்கும். ஆகவே லெப்டோ, மலேரியா, டெங்கு, டைஃபாய்டு ஒவ்வொன்றையும் எப்படி ஒதுக்கினீர்கள் என்று காட்டுங்கள். எஸ்கார் பொருக்கில் கிருமியின் மரபணுவைக் காட்டும் பிசிஆரோ, இரு முறை எடுத்த சீரத்தில் எதிர்ப்புப் பொருளின் நான்கு மடங்கு ஏற்றமோ கையில் இருந்தால் ‘உறுதி’ என்று எழுதலாம். வெய்ல்-ஃபீலிக்ஸ் என்ற பழைய ரத்தப் பரிசோதனை மட்டும் என்றால் ‘சாத்தியம்’ என்பதோடு நிறுத்துங்கள்.

போட்டோவை மருந்து தொடங்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுக்க வேண்டும். கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறையாது. பச்சை குத்தியது, தாலி, ஓ.பி. சீட்டு எண், போட்டோ ஃபைலுக்குள் ஒளிந்திருக்கும் தேதியும் இடமும் என எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். சிகிச்சைக்கு வாங்கிய ஒப்புதல் இதற்குச் செல்லாது. பிரசுரத்துக்குத் தனி ஒப்புதல், நோயாளிக்குப் புரியும் மொழியில், டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த போன் நம்பர் இருக்காது. கைநாட்டு என்றால் வார்டு ஆள் அல்லாத ஒரு சாட்சி வேண்டும்.

அமைப்புக்கு, கேஸ் ரிப்போர்ட் எழுதுவதற்கென்றே 2013-இல் வந்த கேர் (CARE) நெறிமுறையின் பட்டியல் போதும். முன்னுரை நாலு வாக்கியம். பாடப்புத்தகத்தை அங்கே இறக்க வேண்டாம். ‘இதுவே முதல் முறை’ என்று எழுதத் துணிந்தால் மருத்துவக் கட்டுரைகளின் எந்தத் தரவுத்தளத்தில், என்ன சொற்களில், எந்தத் தேதி வரை தேடினீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு கேஸ் பத்தாகும்போது அது கேஸ் சீரிஸ். பலருடைய தகவலைத் திரட்டுவதால் எதிக்ஸ் கமிட்டி அனுமதியைத் தொடங்கும் முன்பே வாங்க வேண்டும். எண்ணிக்கை சிறிது என்று கூச வேண்டாம்: எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் பெற்ற நோயை 1981 ஜூன் 5 அன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது லாஸ் ஏஞ்சல்ஸில் 5 பேரைப் பற்றிய ஒரு குறிப்புதான். கூச வேண்டியது, நினைவில் நின்ற நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுப்பதற்கு. ரிஜிஸ்டரைத் திறந்து, ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதி வரை வந்த எல்லோரையும் விடாமல் எடுங்கள்.

சதவீதத்தைத் தனியே விடாதீர்கள். 10 பேரில் 3 பேருக்கு எஸ்கார் இருந்தால் 30% என்பது சரிதான். ஆனால் அதன் 95% நம்பக இடைவெளி, அதாவது உண்மை அளவு இருக்கக்கூடிய எல்லை, ஏறக்குறைய 7 முதல் 65% வரை நீளும். பக்கவிளைவு ஒருவருக்கும் இல்லை என்றால் 3-ஐ நோயாளி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 30 பேரில் பூஜ்யம் என்றாலும் உண்மை அளவு 10% வரை இருக்கலாம். அப்படியிருக்க, ‘பாதுகாப்பானது’ என்று எழுத அந்த 30 பேர் போதாது.

கடைசியாக எக்செல் ஷீட். பழைய கேஸ் ஷீட்டில் எஸ்கார் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் பலர் அதை ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு அக்குளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். பார்த்து இருந்தது என்றால் 1, பார்த்து இல்லை என்றால் 0, பார்த்ததாகக் குறிப்பே இல்லை என்றால் 9. சதவீதம் போடும்போது 9-களை வகுக்கும் எண்ணிலிருந்து கழித்துவிட்டு, அவை எத்தனை என்பதை டேபிளின் அடியில் எழுதிவிடுங்கள்.