அமெரிக்காவுல வீடு வாங்கியிருக்க நம்ம ஊரு பிள்ளைகளுக்கு: வர்ற கவர பிரிச்சுப் படிங்க

தேவகோட்டை வீட்டு முகப்புல உக்காந்து போன்லயே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. வருஷத்துல பாதி இங்க, பாதி நியூ ஜெர்சியில மக வீட்டுல. இந்தத் தை மாசம் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு பங்காளி வீட்டுப் பிள்ளைக நாலு பேரு வந்திருந்தாக, ரெண்டு பேரு டல்லாஸ், ஒருத்தன் எடிசன், ஒரு பொண்ணு அட்லாண்டா, போயி ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள நாலு பேரும் வீடு வாங்கியாச்சு. சந்தோஷம். நாளைக்கு வேல போச்சுன்னா வீடு என்னப்பா ஆகும்னு சும்மா கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல, ஒருத்தன் மட்டும் "பேங்க் எடுத்துக்கும் ஆச்சி"னு சிரிச்சான். அவ்வளவு லேசா எடுக்க முடியாதுப்பா, எடுக்க விடவும் கூடாது. பச்சரிசி எங்க கெடைக்கும், கோயில் எங்க இருக்குனு சொல்ல அங்க ஆயிரம் பேரு இருக்காக, இத யாரும் சொல்றதில்ல, அதான் உக்காந்து எழுதுறேன்.

நம்ம பக்கம் அடகு வச்ச நகைய மீட்க முடியாம போனா முழுகிப் போச்சும்போம்ல, வீட்டுக்கு அது நடந்தா அமெரிக்காவுல ஃபோர்க்ளோஷர். இந்த விஷயத்துல நம்ம செட்டியார் ஆளுக எதிர்ப்பக்கம், கடன் கொடுத்த பக்கம், உக்காந்தவுக. ஐயாக்கமாரெல்லாம் பர்மாவுக்கு கொண்டு விக்க, அதாவது வட்டிக்குக் கொடுத்து வாங்கப் போனாக, 1930ல நெல்லு வெல படுத்துச்சு, குடியானவனால கடன் கட்ட முடியல, கீழ் பர்மாவுல நெல்லு வெளையுற முக்கியமான 13 மாவட்டத்துல 1930ல 6 சதவீதமா இருந்த செட்டியார் நெலம் அந்தப் பத்து வருஷம் முடியுறதுக்குள்ள 25 சதவீதம் ஆயிருச்சு. எங்க ஐயா சொல்லுவாக, எங்களுக்கு அந்த நெலம் எதுக்குடி, சேத்துல எறங்கி நாங்களா நடவு போடப் போறோம், எங்களுக்கு வேண்டியது ரொக்கம்னு. கடைசியில நெலமும் நிக்கல, 1948ல பர்மா சர்க்கார் சட்டம் போட்டு எடுத்துக்கிருச்சு. இத எதுக்கு இழுக்கிறேன்னா, கடன் கொடுத்தவனுக்கு வீடு வேண்டாம். ஏலம் விட்டா வக்கீல் செலவு, பூட்டிக் கெடக்கிற வீட்டுக்கு வரி, பைப் வெடிச்சா அந்தச் செலவு, அதுபோக பாதி நேரம் வெலையும் வராது. மாசாமாசம் பணம் வந்தாப் போதும்னுதான் பேங்கும் நெனைக்கும், அதனால பேச எடம் இருக்கு. நாமதான் வெக்கப்பட்டுக்கிட்டு பேசறதில்ல.

எங்க கதையவே சொல்றேன். 2009ல எங்க வீட்டுல அவுகளுக்கு வேல போச்சு, கிரீன் கார்டு வந்த புதுசு, மக எட்டாங்கிளாஸ். வேல போனத சொன்னாக, ஆனா மார்ட்கேஜ், அதான் வீட்டுக் கடன் தவணை, கட்டாதத சொல்லல. அஞ்சாவது மாசம் பனிக்காலத்து பூட்ஸ் எடுக்க பேஸ்மென்ட்டுக்குப் போனா, பூட்ஸ் பெட்டிக்குள்ள கவரு, பதினேழு கவரு, ஒண்ணு கூட பிரிக்கல. எனக்கு கோவம் வரல, பயம்தான் வந்துச்சு. ஊருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாக, அப்பச்சி, அதான் அவுக அப்பா, என்ன சொல்லுவாகனு அந்த மனுஷன் ஒத்தையா வச்சுக்கிட்டு கெடந்திருக்காக. அன்னைக்கு ராத்திரி டைனிங் டேபிள்ல போட்டு தேதிவாரியா அடுக்கினோம், அதுல மூணாவது கவருலயே உதவி வேணும்னா கூப்பிடுங்கனு நம்பர் இருந்துச்சு. அப்ப அரசாங்கத்துல ஹேம்ப்னு ஒரு திட்டம் ஓடுச்சு, மாசத் தவணைய வரிக்கு முந்தின வருமானத்துல 31 சதவீதத்துக்குக் கொண்டு வர்றது, மூணு மாசம் ட்ரையல் கட்டிக் காட்டணும். அவுகளுக்கு சின்ன சம்பளத்துல ஒரு வேலையும் கெடைச்சிருந்துச்சு, அத வச்சு எங்களுக்கு கெடைச்சுது, ஆனா பேங்குல எங்க பேப்பர நாலு தடவ தொலைச்சாக, நாலு தடவையும் ஃபேக்ஸ் பண்ணேன். அந்தத் திட்டம் 2016ஓட முடிஞ்சு போச்சு, இப்ப யாராவது அதப் பத்தி சொன்னா நம்பாதீங்க.

இப்ப இருக்கிற சட்டம் எங்க காலத்தவிட நல்லா இருக்கு. 2014 ஜனவரிலேருந்து நாடு முழுக்க ஒரே ரூல். நீங்க குடியிருக்கிற வீடா இருந்தா, தவணை நின்னு 120 நாள் தாண்டாம பேங்க் ஃபோர்க்ளோஷருக்கு மொத பேப்பரக்கூட போட முடியாது. 36 நாளுக்குள்ள அவுகளே உங்கள போன்ல புடிக்கப் பாக்கணும், 45 நாளுக்குள்ள என்னென்ன வழி இருக்குனு எழுதி அனுப்பணும். பூட்ஸ் பெட்டிக்குள்ள போற கவரு அதுதான். பேங்குனு சொல்றேன், உண்மையில உங்ககிட்ட பணம் வாங்குறவன் சர்வீசர், நம்ம பெட்டியடியில உக்காந்திருக்க மேலாள் மாதிரி, பணம் போட்ட முதலாளி வேற எங்கயோ இருப்பாக. சர்வீசர் அடிக்கடி மாறும். மாறினா லெட்டர் வரும், பழைய ஆளுக்கே பணம் அனுப்பிக்கிட்டு இருக்காதீங்க.

சரி, வேல போச்சு, இல்ல உடம்புக்கு முடியல, அடுத்த மாசம் கட்ட முடியாதுனு தெரியுது. அன்னைக்கே கூப்பிடுங்க, தவணை தவறட்டும்னு காத்திருக்க வேண்டாம். கட்ட முடியாதவுகளுக்கு வழி பாக்குற லாஸ் மிட்டிகேஷன் டிபார்ட்மென்ட் வேணும்னு கேளுங்க, கலெக்‌ஷன் ஆளுகிட்ட பேசிப் பிரயோஜனமில்ல. நாலஞ்சு வழி சொல்லுவாக. ஃபோர்பேரன்ஸ்னா கொஞ்ச மாசத்துக்கு தவணைய நிறுத்தியோ கொறைச்சோ வைக்கிறது, தள்ளுபடி இல்ல, பின்னால கட்டணும், அத எப்படிக் கட்டணும்னு மொதல்லயே கேட்டு எழுத்துல வாங்குங்க, ஏன்னா மொத்தமா ஒரே நாள்ல கட்டணும்னு நெனைச்சு பயந்தவுகளும் உண்டு, கட்டவே வேண்டாம்னு நெனைச்சு ஏமாந்தவுகளும் உண்டு. ரீபேமென்ட் பிளான்னா பாக்கிய பிரிச்சு மாசத் தவணையோட சேத்துக் கட்டுறது. லோன் மாடிஃபிகேஷன்னா கடனையே மாத்தி எழுதுறது, வருஷத்த நீட்டுவாக, சில சமயம் வட்டியும் கொறையும். அரசாங்கம் காப்பீடு கொடுக்கிற எஃப்.ஹெச்.ஏ. லோனா இருந்தா பாக்கிய தனியா எடுத்து வட்டியில்லாம கடைசியில வைக்கிற பார்ஷியல் கிளெய்ம்னு ஒண்ணு இருக்கு. எது நமக்குப் பொருந்தும்ங்கிறது லோனப் பொறுத்தது.

இதுக்கெல்லாம் ஒரு அப்ளிகேஷன். சம்பள ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட், டேக்ஸ் ரிட்டர்ன், என்ன கஷ்டம்னு ஒரு பக்க லெட்டர். லெட்டர்ல அழுக வேண்டாம், எந்தத் தேதியில வேல போச்சு, இப்ப வருமானம் எவ்வளவு, எப்ப சரியாகும், அவ்வளவுதான். ஒரு பேப்பர் கொறைஞ்சாலும் அது முழு அப்ளிகேஷன் இல்ல, சட்டத்தோட பாதுகாப்பு முழு அப்ளிகேஷனுக்குத்தான். ஏலத் தேதிக்கு 37 நாளுக்கு மேல இருக்கும்போது முழுசா போய்ச் சேந்துச்சுன்னா 30 நாளுக்குள்ள பாத்து பதில் சொல்லணும், அந்தப் பதில் வர்ற வரைக்கும் வீட்ட விக்க முடியாது. 120 நாளுக்குள்ளயே போய்ச் சேந்துட்டா இன்னும் நல்லது, ஃபைல் பண்றதே நின்னுரும். மாடிஃபிகேஷன் இல்லன்னு சொன்னா, சீக்கிரமே அப்ளை பண்ணினவுகளுக்கு அப்பீல் உண்டு, 14 நாளுதான் டைம். யாருகிட்ட பேசுனீங்க, எந்தத் தேதி, என்ன சொன்னாக, ஒரு நோட்டுல எழுதுங்க. எங்க வீட்டுல பேரேடு எழுதாம ஒருத்தரும் தூங்கப் போனதில்ல, அந்தப் பழக்கம்தான் என்னைக் காப்பாத்துச்சு, நாலு தடவ தொலைஞ்ச பேப்பருக்கும் ஃபேக்ஸ் போன ரசீது என்கிட்ட இருந்துச்சு.

தனியா பேச பயமா இருந்தா ஹட்னு சொல்ற வீட்டுவசதித் துறை அங்கீகாரம் கொடுத்த கவுன்சிலர் இருக்காக, ஃபோர்க்ளோஷர் விஷயத்துக்கு காசு கெடையாது, 800-569-4287 கூப்பிட்டா உங்க பக்கத்து ஆபீஸ சொல்லுவாக. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா உங்களுக்காக அவுகளே சர்வீசர்கிட்ட பேசுவாக. எனக்குப் பேசினது ஒரு வயசான அம்மா, தமிழும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா எங்க அப்பத்தா மாதிரி அதட்டுவாக.

இந்த நேரத்துல உங்க கதவ தட்டுறவன்தான் ஆபத்து. கோர்ட்டுல பேப்பர் போட்டா அது பப்ளிக் ரெக்கார்டு, அதப் பாத்து நாங்க வீட்டக் காப்பாத்தித் தாரோம்னு கடிதாசி வரும், போன் வரும், நம்ம மொழி பேசுற ஆளாவும் இருக்கலாம், அதான் கொடும. மூவாயிரம் டாலர் முன்பணம்பான். பேங்குலேருந்து எழுத்துல ஒரு ஆஃபர் வாங்கித் தந்து நீங்க அத ஒத்துக்கிற வரைக்கும் ஃபீஸ் வாங்கக்கூடாதுனு எஃப்.டி.சி.ங்கிற அரசாங்க வணிக ஆணையம் 2010லயே ரூல் போட்டிருக்கு. பேங்குக்கு கட்டாதீங்க எங்ககிட்ட கட்டுங்கனு சொன்னா கட் பண்ணிடுங்க. வீட்ட எங்க பேருக்கு டீட் மாத்திக் கொடுங்க, நீங்க வாடகைக்கு இருங்க, அப்பறம் திருப்பித் தாரோம்னு சொன்னா, சாமி சத்தியமா கையெழுத்துப் போடாதீங்க. வீடு போயிரும், கடன் உங்க பேருலயே நிக்கும்.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேகம் வேற. நியூ ஜெர்சி, நியூயார்க், இல்லினாய்ஸ் எல்லாம் கோர்ட் வழியாத்தான் போகணும், நாளு எடுக்கும், நியூயார்க்ல ஜட்ஜ் முன்னாடி ரெண்டு பக்கமும் உக்காந்து பேசுற செட்டில்மென்ட் கான்ஃபரன்ஸே உண்டு. டெக்சாஸும் ஜார்ஜியாவும் அப்படி இல்ல, பெரும்பாலும் கோர்ட்டே கெடையாது. டெக்சாஸ்ல குடியிருக்கிற வீட்டுக்கு பாக்கியக் கட்டச் சொல்லி 20 நாள், அப்பறம் ஏல நோட்டீஸ் 21 நாள், மாசத்துல மொத செவ்வாக்கிழமை ஏலம். டல்லாஸ் பிள்ளைககிட்ட சொன்னேன், நமக்கு பொங்கல் முடிஞ்சு வர்ற மொத செவ்வான்னா நாட்டரசன்கோட்டையில செவ்வா பொங்கல், உங்களுக்கு அங்க மொத செவ்வான்னா இது, மறக்காதீங்கனு. சமன் வந்தா பதில் போடாம இருக்காதீங்க, வக்கீலுக்கு காசில்லனா லீகல் எய்ட் இருக்கு.

டெக்சாஸ்ல இன்னொண்ணு. புது வீட்டுக்கு மொத வருஷம் மனைக்கு மட்டும் போட்ட வரிய வச்சு எஸ்க்ரோ, அதாவது வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் தவணையோட சேத்து வாங்குற பணம், கணக்குப் போட்டிருப்பாக, அடுத்த வருஷம் கட்டடத்துக்கும் சேத்து வரி வரும், மாசத் தவணை திடீர்னு நூத்துக்கணக்குல ஏறும். வட்டி ஃபிக்ஸட் தானேனு கேப்பீங்க. வட்டிதான் ஃபிக்ஸட், வரியும் இன்சூரன்ஸும் இல்ல. ஹெச்.ஓ.ஏ.ங்கிற வீட்டுக்காரங்க சங்கத்துச் சந்தா பாக்கி வச்சா அவுகளும் வீட்டு மேல கை வைக்கலாம், அதையும் சில்லறைனு விட்டுறாதீங்க.

ஹெச் ஒன் பிங்கிற வேல விசாவுல இருக்க பிள்ளைகளுக்கு ரெண்டு கடிகாரம் ஓடும். வேல போன நாளுலேருந்து விசாவுக்கு அதிகபட்சம் 60 நாள், பேங்குக்கு தவணை நின்னதுலேருந்து 120 நாள். அதனால விசா கடிகாரம்தான் மொதல்ல முடியும். பயத்துல சாவிய வச்சுட்டு பிளேன் ஏறுறவுக இருக்காக, தப்பு. வீட்டுல ஈக்விட்டி, அதாவது வெலையில கடன் போக மிச்சம், இருந்தா நீங்களே வித்துட்டுப் போங்க, ஃபோர்க்ளோஷர் ஆனா ஏழு வருஷம் கிரெடிட் ரிப்போர்ட்ல நிக்கும், திரும்பி வந்தா வாடக வீடு கூட கஷ்டம். ஊருக்கு வந்து அமெரிக்க வரிக் கணக்குல வெளிநாட்டுக்காரரா ஆனதுக்கு அப்பறம் வித்தா ஃபிர்ப்டானு ஒண்ணு இருக்கு, வாங்குறவுக வித்த வெலையில 15 சதவீதம் வரைக்கும் புடிச்சு வரி ஆபீஸுக்கு அனுப்பணும், லாபத்துல இல்ல, வெலையில, அப்பறம் ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கணும். கடனுக்கு கீழ வெல வந்தா பேங்க் சம்மதத்தோட ஷார்ட் சேல், அதுல மிச்சக் கடன கேக்க மாட்டோம்னு எழுத்துல வாங்காம கையெழுத்துப் போடாதீங்க.

ஓய்வு காலத்துக்குச் சேக்குற 401கே பணத்த எடுத்துக் கட்டலாமானு பிள்ளைக கேட்டாக. ஃபோர்க்ளோஷர தடுக்க எடுக்கலாம்னு வழி இருக்கு, ஆனா வரியும் போகும், வயசு ஐம்பத்தொன்பதரை ஆகலனா 10 சதவீதம் அபராதமும் போகும். திவாலே ஆனாலும் அந்தப் பணத்துல பொதுவா கை வைக்க மாட்டாக. அதனால அத மொதல்ல தொடாதீங்க. ஊருல காரைக்குடி மனைய அடமானம் வச்சு அனுப்பச் சொல்றதும் அப்படித்தான். அங்க உங்களுக்கு 120 நாள் இருக்கு, இங்க அப்பச்சி பேருல லோன் எடுத்து கட்ட முடியாம வாராக்கடன் ஆச்சுன்னா 2002 சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ்தான், அப்பறம் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் வீட்டு வாசலுக்கு வந்துரும். ஒரு வீட்டக் காப்பாத்த ரெண்டு வீட்ட முழுக விடுற கணக்கு எந்த ஊருலயும் கெடையாது.

அன்னைக்கு படைப்பு முடிஞ்சு பந்தியில உக்காந்திருக்கும்போதே எடிசன் தம்பி பொண்டாட்டிக்கு போன் போட்டான், கிச்சன் ட்ராயர்ல கெடக்கிற கவரெல்லாம் பிரிச்சு வாட்ஸப்ல படம் அனுப்புனு. பதினொரு கவரு. அதுல ரெண்டு எஸ்க்ரோ நோட்டீஸ், தவணை செப்டம்பர்லேருந்து 212 டாலர் ஏறியிருக்கு, இவன் பேங்குல பில்பே போட்டு பழைய தொகையவே நாலு மாசமா அனுப்பிக்கிட்டு இருக்கான், கொறைச்சலா வந்த பணத்த சர்வீசர் தவணையில சேக்காம தனியா ஒதுக்கி வச்சிருக்கு. கையில வேல இருக்கு, சம்பளம் இருக்கு, ஆனா பேப்பர்ல இவன் பாக்கிக்காரன். சர்வீசர கூப்பிடணும், அங்க காலைல எட்டு மணின்னா நமக்கு சாயங்காலம் ஆறரை, ஆறேகாலுக்கே நோட்டும் பேனாவுமா பட்டாலையில வந்து உக்காந்துட்டான்.